பாதியில் பேச்சு மறந்த பிள்ளையை மீண்டும் மேடையேற்றுவது எப்படி?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், சென்ற ஆண்டு கல்வி வளர்ச்சி நாள் பேச்சுப்போட்டியில் பாதியில் மறந்துபோய் அழுதுகொண்டே இறங்கிவிட்டாள். வீட்டில் ஒரு வரி பிசகாமல் ஒப்பித்தவள்! இந்த ஆண்டும் காமராசரைப் பற்றி மூன்று நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரம் இருக்கிறது. 'நான் மாட்டேன்' என்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: 'ஒரு வரி பிசகாமல் ஒப்பித்தாள்' என்கிறீர்களே, சிக்கலே அங்கேதான் இருக்கிறது. வரிக்கு வரி மனப்பாடம் செய்தால், ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைப் பிடித்துக்கொண்டுதான் நினைவுக்கு வரும். ஒரு சொல் நழுவினால் நூல் அறுந்த மணிமாலை மாதிரி மிச்சம் அத்தனையும் கொட்டிப்போகும். மேடையில் படபடப்பு வரும்போது முதலில் நழுவுவது இப்படிக் கோத்த சொற்கள்தாம். உங்கள் மகளுக்குப் பேச வரும். தயாரிக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் பேச்சின் நீளம். மேடையில் நிதானமாகத் தமிழ் பேசும் பிள்ளைக்கு நிமிடத்துக்கு 80 முதல் 100 சொற்கள் வரும். மூன்று நிமிடத்துக்கு 250 சொற்கள் போதும். பெரியவர்கள் ஆசையில் 400 சொற்கள் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டுமே என்று பிள்ளை ஓடுகிறது, மூச்சு விடக்கூட இடமில்லை. 'அவைத்தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே' என்று நீளும் வணக்கத்தையும் ஒரே வரியாக்குங்கள். பல பிள்ளைகள் தடுக்குவதே அந்தப் பட்டியலில்தான்.

அந்த 250 சொற்களை நான்கு துண்டாக்குங்கள். 1903 ஜூலை 15-இல் விருதுநகரில் பிறந்ததும் படிப்பு பாதியில் நின்றதும் ஒன்று. 1954-இல் முதலமைச்சர் ஆனதும் மூடிக் கிடந்த பள்ளிகளைத் திறந்ததும் இரண்டு. 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் மூன்று. அதன் பயனாக இன்று தன் பள்ளியில் உங்கள் மகள் என்ன பார்க்கிறாள் என்பது நான்கு. இந்த நான்காவது துண்டை அவளே யோசிக்கட்டும், நீங்கள் எழுதித் தராதீர்கள். தான் கண்ணால் பார்த்தது மறக்காது.

துண்டுக்கு ஒரு சொல்: விருதுநகர், முதல்வர், சாப்பாடு, எங்கள் பள்ளி. உள்ளங்கை அகல அட்டையில் இந்த நான்கையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். மெல்லிய தாள் வேண்டாம், கை நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். அட்டை வைத்துக்கொள்ளலாமா என்று ஆசிரியரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். அனுமதி இல்லையென்றால் நான்கு விரல்களுக்கு நான்கு சொல். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவில் உள்ளதை முதலில் உங்களிடம் வீட்டுப் பேச்சில் சொல்லட்டும். 'அவரே முழுசாப் படிக்கல, ஆனா எல்லாரையும் படிக்க வெச்சாரு' என்பாள். அதையே 'தாம் படிக்க முடியாமல் போனவர், ஊரெல்லாம் படிக்க வழி செய்தார்' என்று மேடைத் தமிழாக்குவது எளிது. ஒவ்வொரு முறையும் சொற்கள் மாறினால் திருத்தாதீர்கள். அப்படி மாறத்தான் வேண்டும்.

முதல் வாரம் தினமும் பத்து நிமிடம் போதும். 'சாப்பாடு' என்று நீங்கள் சொன்னால் அங்கிருந்தே தொடங்க வேண்டும். அடுத்த நாள் வேறு துண்டு. இரண்டாம் வாரத்தில் கேட்பவர்களைக் கூட்டுங்கள்: முதலில் நீங்கள் ஒருவர், பிறகு வீட்டார் நாலு பேர், பிறகு தோழிகள், பிறகு வகுப்பு. ஒரு படியில் இரண்டு முறை பதறாமல் பேசிய பிறகே அடுத்த படி. இடையே காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு குறளோ செய்தியோ வாசிக்க ஆசிரியரிடம் வாய்ப்புக் கேளுங்கள். கண்ணாடி முன் பயிற்சி வேண்டாம். தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் சொல்ல வந்ததில் கவனம் நிற்காது.

மூன்றாம் வாரம், வேண்டுமென்றே மறக்கப் பழக்குங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பேசும்போது நடுவில் கை தட்டி நிறுத்துங்கள். அவள் மனதுக்குள் மூன்று எண்ணி, கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை மெதுவாகத் திரும்பச் சொல்ல வேண்டும். அப்போதும் வரவில்லையா, அடுத்த துண்டுக்குத் தாவிவிடலாம். அவள் என்ன சொல்லவிருந்தாள் என்பது எதிரே இருப்பவர்களுக்குத் தெரியாது, விட்டுப்போனதும் தெரியாது. மூன்று விநாடி மௌனம் அவளுக்குத்தான் நீளம், கேட்பவருக்கு அது நிறுத்திப் பேசுவதாகத்தான் படும். இதைப் பத்துத் தடவை செய்து பார்த்தவளுக்கு மறதியே பெரிய பயமாக இருக்காது.

போட்டியன்று, பேர் கூப்பிடும் முன் நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடட்டும், ஐந்து முறை. வெளிவிடும் மூச்சு நீண்டால் படபடப்பு தணியும். இரண்டு மிடறு தண்ணீர். மேடையில் பாதங்கள் தோள் அகலத்தில், முழங்கால் விறைக்காமல். மைக் உயரமாக இருந்தால் எக்கிப் பேசாமல் தாழ்த்தச் சொல்லிக் கேட்கலாம். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரற்கடை இடைவெளி.

இறங்கி வந்ததும் 'பரிசு கிடைக்குமா?' என்று யாரும் கேட்க வேண்டாம். நன்றாக வந்த ஓர் இடத்தைக் குறிப்பாகச் சொல்லுங்கள். திருத்தம் மறுநாள், அதுவும் ஒன்றே ஒன்று.

இவ்வளவுக்குப் பிறகும் பேச்சை நினைத்தாலே வாந்தி, தூக்கமின்மை, பள்ளிக்கே போக மறுப்பது என்று இருந்தால் இந்த முறை போட்டியை விட்டுவிட்டு மனநல ஆலோசகரைப் பாருங்கள். திக்குவாய் இருந்தால் பேச்சுச் சிகிச்சையாளரிடம் (ஸ்பீச் தெரபிஸ்ட்) காட்ட வேண்டும், 'தைரியமாப் பேசு' என்று சொல்லி அதைச் சரிசெய்ய முடியாது.