எல்லாத் தளங்களிலும் ஒரே செய்திதான் வருகிறது. பிறகு எதை வைத்து ஒரு நாளிதழின் தளம் தனித்து நிற்கிறது?

பலரும் வேகம் என்றுதான் சொல்வார்கள். நான் ஒரு நாளிதழின் இணையப் பிரிவில் சில ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். வேகத்துக்குப் பின்னால் ஓடிப் பார்த்துவிட்டுத்தான் வேறு பதில் சொல்கிறேன்.

ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி மாதிரியான செய்தி நிறுவனங்கள் எழுதி அனுப்பும் செய்தி எல்லா நாளிதழ் அலுவலகங்களுக்கும் ஒரே நேரத்தில்தான் வந்து விழும். தலைப்பை மாற்றி, முதல் பத்தியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு நாம் ஏற்றுவோம். பக்கத்துத் தளமும் அதையேதான் செய்யும். இரண்டு நிமிடம் முந்திவிட்டோம் என்று நமக்குள் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம், வாசகருக்கு அந்த இரண்டு நிமிடம் தெரியவே தெரியாது.

என்னைக் கேட்டால், செய்தியை ஏற்றிய பிறகு அந்தப் பக்கத்தை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. அச்சில் வந்தது மறுநாள் பழைய பேப்பர் ஆகிவிடும். இணையத்தில் அப்படி இல்லை. பத்து வருடம் கழித்தும் யாரோ ஒருவர் தேடி வந்து அதைப் படிப்பார்.

இது எனக்குப் புரிந்தது ஒரு மழைநாளில். எங்கள் தளத்தில் பல ஆண்டுகளுக்கு முன் வந்த வெள்ளச் செய்தி ஒன்று, அன்று நடந்ததுபோல வாட்ஸ்அப்பில் சுற்றியது. செய்தியில் தப்பில்லை. ஆனால் தேதி எங்கோ ஓரத்தில், பொடி எழுத்தில் இருந்தது. பகிரும்போது தெரியும் படத்தில் அதுவும் இல்லை. பதறிப்போய் அலுவலகத்துக்கு போன் செய்தவர்களிடம், "அது பழைய செய்திங்க" என்று மாலை வரை சொல்லிக்கொண்டிருந்தோம். 2019இல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் இதற்கு ஒரு எளிய வழி செய்தது. பழைய கட்டுரைகளின் தலையிலேயே மஞ்சள் நிறத்தில் அவற்றின் வயதைப் போட்டார்கள், சமூக ஊடகங்களில் பகிரும் படத்தின் மேலும் ஆண்டைப் பதித்தார்கள். இதில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் கிடையாது, வாசகர் ஏமாறக் கூடாது என்ற அக்கறைதான்.

திருத்தமும் இதே கதைதான். பல தளங்கள் தப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு எதுவும் நடக்காததுபோல இருந்துவிடும். காலையில் ஒன்றைப் படித்தவர், மாலையில் வேறொன்றைப் பார்த்தால் எதை நம்புவார்? எது தப்பு, எப்போது மாற்றினோம் என்று கட்டுரையின் அடியிலேயே எழுதுகிற தளத்தை நான் தைரியமாக நம்புவேன். கார்டியன் 1997இலேயே, வாசகர்களின் புகாரைக் கேட்டுத் திருத்தம் போடுவதற்கென்று ஒரு ஆசிரியரைத் தனியாக நியமித்தது.

அப்புறம், மற்றவர்கள் காப்பி அடிக்க முடியாத உழைப்பு. அமெரிக்காவில் போலீஸ் சுட்டு இறந்தவர்களை 2015இலிருந்து வாஷிங்டன் போஸ்ட் ஒவ்வொருவராகக் கணக்கெடுத்தது. அந்த முதல் ஆண்டில் மட்டும் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள். அரசுத் தரப்பில், மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ வைத்திருந்த கணக்கு அதில் பாதிகூட வரவில்லை. 2016இல் இந்த வேலைக்கு, அமெரிக்கப் பத்திரிகையாளர்களுக்குப் பெரிய கௌரவமான புலிட்சர் பரிசு கிடைத்தது. பட்டியலை எல்லாரும் திறந்து பார்க்கும்படி தளத்திலேயே வைத்ததுதான் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

போட்டியில் தோற்ற பிறகும் தனித்து நிற்க முடியும் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. 2009இல் பிரிட்டன் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு ஊழலை முதலில் வெளியிட்டது அங்குள்ள டெலிகிராஃப் நாளிதழ். ஆவணங்கள் அவர்கள் கையில் இருந்தன, கார்டியனிடம் இல்லை. பிறகு நாடாளுமன்றமே அவற்றை வெளியிட்டபோது, சுமார் 4.5 லட்சம் பக்கங்களைத் தளத்தில் போட்டு, "நீங்களும் படித்துப் பாருங்கள், சந்தேகப்படும்படி இருந்தால் குறித்துக் கொடுங்கள்" என்று கார்டியன் வாசகர்களைக் கூப்பிட்டது. 20,000 பேருக்கு மேல் உட்கார்ந்து படித்தார்கள்.

விளையாட்டு, சமையல் குறிப்பு எல்லாம் ஆட்களை வரவழைக்கும், சரி. நியூயார்க் டைம்ஸ் 2022இல் வேர்டில் (Wordle) என்ற சொல் விளையாட்டை வாங்கியதும் அதற்குத்தான். சந்தா வருகிறது, அந்தப் பணத்தில் நிருபர்களை வைத்துக்கொள்ள முடிகிறது என்றால் நல்லதுதான். ஆனால் படிக்கப் படிக்கத் திரையை மறைக்கும் விளம்பரங்களுக்கு என்னிடம் எந்த நியாயமும் இல்லை.

ஒரு தளத்தை நான் எடைபோடும் விதம் இதுதான்: அவர்களுடைய பத்து வருடப் பழைய செய்தி ஒன்றைத் திறந்து பார்ப்பேன். பக்கம் திறக்கிறதா, படம் இருக்கிறதா, தேதி தெரிகிறதா? நான் வேலை பார்த்த தளத்தை ஒருமுறை புதிதாக வடிவமைத்தார்கள். பழைய லிங்க்குகளைப் புதிய பக்கங்களோடு இணைக்க யாரும் மெனக்கெடவில்லை. பல வருடச் செய்திகள் அப்படியே காணாமல் போயின. கொஞ்ச நாளில் ஒரு வாசகர், தன் அப்பா இறந்தபோது நாங்கள் எழுதிய செய்தி இப்போது திறக்கவில்லை என்று கேட்டு எழுதினார். சர்வரில் தேடினோம், இல்லை. கடைசியில் பைண்டு செய்து வைத்திருந்த அச்சுப் பிரதிகளைப் புரட்டி, அந்தப் பக்கத்தை என் போனில் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன்.