அண்ணன் மகன் எழுதிய தேர்வையே உங்கள் மகளும் எழுத வேண்டுமா?

"என் அண்ணன் மகன் 2021இல் எம்பிஏ சேர்க்கைக்கான ஜீமேட் தேர்வை எழுதி 700 வாங்கினான். என் மகளுக்கு மாதிரித் தேர்வில் 595தான் வருகிறது. கடன் வாங்கியாவது கோச்சிங்கில் சேர்த்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு தந்தை. மகள் பொருளியல் பட்டதாரி, மூன்றாண்டு வேலை அனுபவம் உண்டு. எம்பிஏவா, பொதுக்கொள்கையில் முதுகலையா என்று அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. கணக்குப் பகுதியில் கடைசி நான்கு கேள்விகளைத் தொடக்கூட நேரம் கிடைக்கவில்லையாம்.

ஐயா, நீங்கள் ஒப்பிடும் இரண்டு எண்களும் ஒரே அளவுகோலில் வந்தவை அல்ல. 2023 நவம்பரில் வந்த புதிய ஜீமேட்டில் மதிப்பெண் 205 முதல் 805 வரை. எப்போதும் 5இல்தான் முடியும். பழைய 700க்கு நிகராகச் சொல்லப்படுவது இன்றைய 645. அப்படியானால் குறைவது 105 அல்ல, 50. அதற்காகக் கடன் வாங்காதீர்கள். இலவச மாதிரித் தேர்வுகளை எழுதி முடிக்காத ஒருவருக்குக் கோச்சிங் கட்டணம் கட்டுவது, எந்த வீட்டு வருமானத்துக்கும் வீண் செலவு.

ஜீமேட்டைப் பற்றி உங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் சொல்லியிருப்பார்கள். அவர்கள் வாயில் வராத பெயர் ஜிஆர்இ; பல துறை முதுகலைப் படிப்புகளுக்கும் பொதுவான நுழைவுத் தேர்வு அது. ஹார்வர்ட், ஸ்டான்போர்ட், வார்ட்டன், இன்சியாட் ஆகிய எம்பிஏ கல்லூரிகள் எல்லாமே இரண்டு தேர்வையும் ஏற்கின்றன. பொதுக்கொள்கை, பொருளியல் முதுகலைப் படிப்புகளுக்குப் பெரும்பாலும் ஜிஆர்இதான். மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும் என்பதால், உங்கள் மகள் எந்தப் பக்கம் போனாலும் அது உதவும். ஜீமேட்டை எழுதவைத்தால், அவர் இன்னும் எடுக்காத முடிவை நீங்கள் எடுத்ததாகிவிடும்.

2023 செப்டம்பர் முதல் ஜிஆர்இ 1 மணி 58 நிமிடத் தேர்வு. முதலில் 30 நிமிடக் கட்டுரை ஒன்று. கணக்கு இரண்டு பகுதிகள்: 21 நிமிடத்தில் 12 கேள்வி, 26 நிமிடத்தில் 15 கேள்வி. மொழியும் அப்படியே: 18 நிமிடத்தில் 12, 23 நிமிடத்தில் 15. கணக்கில் ஒரு கேள்விக்கு ஜீமேட்டைவிடக் குறைந்த நேரமே கிடைக்கும். ஆனால் திரையிலேயே கால்குலேட்டர் உண்டு; ஜீமேட் கணக்கில் அது கிடையாது. ஒரு பகுதிக்குள் எந்தக் கேள்வியையும் தள்ளிவைத்துத் திரும்ப வரலாம், எத்தனை விடையையும் மாற்றலாம். ஜீமேட்டிலோ பகுதிக்கு மூன்று விடைதான் மாற்ற முடியும். ஒரு கேள்வியிலேயே மாட்டிக்கொண்டு நேரத்தைத் தொலைப்பவருக்கு இது பெரிய விடுதலை.

ஜிஆர்இயில் சறுக்கும் இடங்களும் உண்டு. முதல் பகுதியில் எப்படிச் செய்கிறோம் என்பதை வைத்தே இரண்டாம் பகுதியின் கடினம் அமையும். ஆகவே முதல் 12இல் கவனக்குறைவு கூடாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, எதையும் காலியாக விடக் கூடாது. இரண்டு அளவுகளை ஒப்பிடும் கேள்விகளில் எக்ஸ் என்றதும் 2, 3 என்று போட்டுப் பார்த்து நிறுத்திவிடுவார்கள். பூஜ்ஜியம், எதிர்ம எண், பின்னம் மூன்றையும் போட்டுப் பார்த்தால்தான் விடை நிற்கும். வடிவியல் படங்கள் அளவுப்படி வரையப்பட்டவை என்று நம்பக் கூடாது. மூன்று கோடிட்ட இடங்கள் உள்ள வாக்கியத்தில் மூன்றும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். சொல்வளம் இல்லாதவரை ஜிஆர்இ ஈவு இரக்கமின்றிக் கவிழ்க்கும். 3,000 சொல் பட்டியலை மனப்பாடம் செய்வதால் அது தீராது. நாளுக்கு 15 சொல், ஒவ்வொன்றும் ஒரு வாக்கியத்தோடு, பத்து வாரம்.

முதலீட்டு வங்கி, ஆலோசனை நிறுவனங்களில் சில ஜீமேட் மதிப்பெண்ணைக் கேட்பதுண்டு. மகளின் குறி அதுதான் என்றாலோ, அட்டவணையும் வரைபடமும் படித்து முடிவெடுப்பது அவருக்கு இயல்பாக வருகிறது என்றாலோ ஜீமேட்டே சரி. அதை அவர்தான் சொல்ல வேண்டும், பெரியப்பா அல்ல.

இப்போது செய்ய வேண்டியது: ஜிஆர்இ நடத்தும் ஈடிஎஸ் தரும் இலவச பவர்பிரெப் தேர்வுகள் இரண்டில் ஒன்றை, கட்டுரை உட்பட, ஒரே அமர்வில் எழுதட்டும். ஒரு வாரம் கழித்து ஜீமேட்டின் இலவச அதிகாரபூர்வத் தேர்வு. இரண்டையும் பர்சென்டைல் வைத்து, அதாவது எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேர் அவருக்குக் கீழே என்பதை வைத்து, ஒப்பிடுங்கள். ஜிஆர்இ கணக்கில் மட்டும் எச்சரிக்கை: அதை எழுதுவோரில் கணக்கில் வல்லவர்கள் ஏராளம், 170க்கு 170 எடுத்தாலும் பர்சென்டைல் 99ஐத் தொடாது. அங்கே சற்றுக் குறைவதைக் கண்டு மிரள வேண்டாம். சேர விரும்பும் கல்லூரிகள் வெளியிடும் சராசரியோடு பொருத்திப் பாருங்கள்.

ஜிஆர்இ என்று முடிவானால், இரண்டாம் முயற்சிக்கு 21 நாள் இடைவெளி கட்டாயம். அதிகாரபூர்வ மதிப்பெண் வர 8 முதல் 10 நாள் ஆகும். விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு எட்டு வாரம் முன்னதாக முதல் தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். அந்தத் தேதியை மகளே குறிக்கட்டும்.