சேருக்குப் போட்ட மின்னஞ்சலுக்குப் பதில் இல்லையே, என்ன செய்ய?

திருகோணமலையில் இரண்டாம் வருடம் படிக்கும் மூதூர் மாணவி ஒருவர் கேட்கிறார்: "காய்ச்சலால் ஒப்படையைக் குறித்த நாளில் கொடுக்க முடியவில்லை. விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் போட்டு ஒரு கிழமையாகிறது, பதில் இல்லை. திரும்ப எழுதினால் கோபிப்பாரா? வட்ஸ்அப்பில் கேட்கலாமா?"

அனுப்பியதையும் காட்டியிருக்கிறார். தலைப்பு வரி வெறுமை. உள்ளே, "சேர் காய்ச்சல், ஒப்படைக்கு டேட் தாங்கோ" என்று ஒரே வரி. கீழே நான்கு புகைப்படங்கள். நிலாவெளி பஸ்ஸில் நின்றபடி அனுப்பினாராம்.

தங்கச்சி, அவர் கோபத்தில் பேசாமல் இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். எழுதியது யார் என்றே அவருக்குத் தெரிந்திருக்காது. மின்னஞ்சல் பெட்டியைத் திறப்பவருக்கு முதலில் தெரிவது அனுப்பியவரின் பெயர், தலைப்பு, முதல் சில சொற்கள், அவ்வளவுதான். உங்களுடையதில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அண்ணாவின் பெயர் நிற்கிறது! போன் வாங்கிய கடையில் கணக்குத் திறந்து கொடுத்திருப்பார்கள். இங்கே பாதிப் பேரின் கதை இதுதான். முகவரியை மாற்ற முடியாவிட்டாலும், காட்டப்படும் பெயரை ஜிமெயில் அமைப்புகளில் மாற்றலாம். பல்கலைக்கழகம் தந்த முகவரி இருந்தால் அதிலிருந்தே எழுதுங்கள்.

எழுதும்போது மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: உங்களிடம் திருப்பி எதையும் கேட்காமலே அவர் 'சரி' என்றோ 'முடியாது' என்றோ சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். தலைப்பில் பாடம், ஒப்படை எண், வேண்டுகோள், உங்கள் சுட்டெண் நான்கும் வரட்டும். "புள்ளிவிபரவியல் ஒப்படை 2, பிந்திச் சமர்ப்பிக்க அனுமதி" என்று எழுதிப் பக்கத்தில் சுட்டெண்ணைப் போட்டால் போதும். உள்ளே இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய சேர், நான் இரண்டாம் வருட மாணவி. காய்ச்சலால் நான்கு நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதனால் வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய இரண்டாம் ஒப்படையைக் கொடுக்க முடியவில்லை. மருத்துவச் சான்றிதழை இணைத்துள்ளேன். ஒப்படை எழுதி முடிந்துவிட்டது. வருகிற திங்கள் மாலை 4 மணிக்கு முன் சமர்ப்பிக்க அனுமதி தருவீர்களா? நன்றி."

கீழே முழுப் பெயர், சுட்டெண், பீடம். நாளை நீங்களே குறித்துக் கேட்பதைப் பாருங்கள். "டேட் தாங்கோ" என்றால் யோசிக்கிற வேலை அவர் தலையில் விழுகிறது.

எந்த மொழியில் எழுதுவது? அவர் ஆங்கிலத்தில் பாடம் எடுப்பவர் என்றால் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் எழுதுங்கள். தமிழ் வாசிப்பவருக்குத் தமிழில் எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தமிழை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டாம். பாமினியில் தட்டியதை அப்படியே வெட்டி ஒட்டவும் வேண்டாம். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் எழுத்துரு. மின்னஞ்சலில் ஒட்டியதும் அந்த வேஷம் கலைந்து, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக்கிடக்கும். தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு உள்ள யூனிகோடில் தட்டினால் இந்தத் தொல்லை இல்லை. பாமினியில் எழுதிய ஒப்படையை வேர்ட் கோப்பாக அனுப்பாமல் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். பிடிஎஃப்பில் எழுத்துருவும் கூடவே போகும்.

பக்கத்துக்கு ஒரு போட்டோ அனுப்புவதும் அவருக்கு வேலைதான். அன்ட்ரொய்ட் போனில் கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் வசதி உண்டு. எல்லாப் பக்கத்தையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, கோப்புக்குச் சுட்டெண்ணையே பெயராக வையுங்கள். ஜிமெயிலில் இணைப்பின் எல்லை 25 எம்பி. இணைப்புகள் குறியீடாக மாறிப் போகும்போது மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும் என்பதால், 18 எம்பிக்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. கோப்பை டிரைவில் ஏற்றி அதன் லிங்க்கை அனுப்பினால், திறந்து பார்க்கும் அனுமதியைக் கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

பெறுநர் முகவரியைக் கடைசியாகப் போடுங்கள், அரைகுறையாக எழுதியது தவறிப் போகாது. அனுப்பியதைத் திருப்பி எடுக்க ஜிமெயில் வழக்கமாக 5 விநாடிதான் தரும். கணினியில் அமைப்புகளுக்குள் போய் அதை 30 ஆக்கலாம். 'எல்லோருக்கும் பதில்' பொத்தானில் மட்டும் கவனம். மதியம் என்ன மீன் என்று நண்பனிடம் கேட்கப்போய், ஒரு பீடம் முழுவதையும் கேட்டவன் நான். பாரைக் குழம்பு என்று மூன்று பேர் பதிலும் போட்டார்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? நினைவூட்டும்போது முன்பு அனுப்பியதன் கீழேயே தொடர்ந்து எழுதுவதுதான் வழக்கம். உங்களுடையதில் தலைப்பே இல்லை என்பதால், புதிதாக ஒன்று எழுதி, போன கிழமை முழு விபரம் இல்லாமல் அனுப்பியதற்கு ஒரு வரியில் வருத்தம் சொல்லுங்கள். தாமதிக்க வேண்டாம், இன்றைக்கே. வட்ஸ்அப் இலக்கத்தை அவரே பாட விஷயத்துக்கென்று தந்திருந்தால், மின்னஞ்சல் அனுப்பியிருப்பதாக மட்டும் அதில் சொல்லலாம். கோரிக்கை மின்னஞ்சலிலேயே இருக்கட்டும், நாளை யாரும் கேட்டால் திகதியோடு காட்டலாம். இரண்டு மூன்று வேலை நாளுக்குள் பதில் இல்லையென்றால், சான்றிதழின் பிரதியோடு அவருடைய அறைக்கு நேரே போய்விடுங்கள்.