பிக்மேலியன் நாடகத்தில் எலைசாவை மாற்றியது எது?

உச்சரிப்புப் பயிற்சிதான் எலைசாவைச் சீமாட்டி ஆக்கியதா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிதான் சரி.

பெர்னார்ட் ஷாவின் இந்த நாடகம் 1913இல் வியன்னாவில் முதலில் மேடையேறியது. லண்டன் கோவென்ட் கார்டன் பக்கம் பூ விற்கும் பெண்ணான எலைசா டூலிட்டிலுக்கு, ஒலியியல் பேராசிரியர் ஹிக்கின்ஸ் ஒரு பந்தயத்துக்காக மேல்தட்டு ஆங்கிலம் கற்றுத்தருகிறார். மூன்றாம் அங்கத்தில், ஹிக்கின்ஸின் அம்மா வீட்டில் அவள் உச்சரிப்பு அப்பழுக்கில்லாமல் வருகிறது. பேசுவதோ, தொப்பியைத் திருடியவர்கள்தான் அத்தையைத் தீர்த்துக்கட்டினார்கள் என்ற கதை! நாக்கு மட்டும்தான் மாறியிருக்கிறது.

அப்புறம் ஐந்தாம் அங்கத்தில் அவளே சொல்கிறாள்: ஹிக்கின்ஸின் நண்பர் கர்னல் பிக்கரிங் முதல் நாள் 'மிஸ் டூலிட்டில்' என்று அழைத்தாரே, அன்றுதான் தன் படிப்பு தொடங்கியதாம். அவர் எழுந்து நின்றது, தொப்பியைக் கழற்றியது, கதவைத் திறந்துவிட்டது, இவ்வளவுதான். நாடகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன்.

பந்தயம் ஜெயித்த இரவில் அவள் அழுவதையும் மறக்கக் கூடாது. முன்பு பூ விற்றுப் பிழைத்தாள். இப்போது அந்தத் தெருவுக்குத் திரும்ப முடியாது, வேறு பிழைப்பும் கையில் இல்லை. ஹிக்கின்ஸ் இதை ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. அந்தக் காட்சியை எப்போது படித்தாலும் எனக்கு அவர்மேல் கோபம்தான் வரும்.