அறிகுறி ஏதுமில்லாத குழந்தையின் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருப்பது சகஜமா?

நன்றாக ஓடியாடும் உங்கள் மகளுக்குத் தொண்டைப் பரிசோதனையில் தொண்டைப் புண்ணை உண்டாக்கும் பாக்டீரியாவான 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருப்பதாக முடிவு வந்திருக்கிறது, இது சகஜமா, மருந்து கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோத்தகிரியில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் எனக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே கலக்கம் ஏற்பட்டது.

மார்கழிப் பனியில் என் மகனுக்குத் திடீரென்று காய்ச்சல் கண்டது. இருமலும் இல்லை, மூக்கு ஒழுகலும் இல்லை. ஆனால் எச்சில் விழுங்கவே அழுதான். கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்தி டார்ச் அடித்துப் பார்த்தபோது, வீங்கிச் சிவந்த டான்சில்களின் மேல் தயிர்த் திப்பிபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. தாடைக்குக் கீழே நெறி கட்டியிருந்தது. குன்னூரில் மருத்துவர் தொண்டையைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பரிசோதித்து, ஸ்ட்ரெப் (ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று) என்று உறுதி செய்து, 10 நாட்களுக்கு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். பயத்தில் நான் மகளுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லி வற்புறுத்தினேன். எந்தத் தொந்தரவும் இல்லாத அவளுக்கும் கிருமி இருந்தது. அவளுக்கு மருந்து வேண்டாம் என்று மருத்துவர் சொன்னது அன்று எனக்குப் புரியவில்லை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, தொண்டை வலியோடு வரும் குழந்தைகளில் சுமார் 37 சதவீதத்தினரிடமும், எந்த அறிகுறியும் இல்லாத குழந்தைகளில் சுமார் 12 சதவீதத்தினரிடமும் இந்தக் கிருமி காணப்படுகிறது. அந்தக் கணக்கில் நாற்பது பேர் அமரும் என் வகுப்பில், நலமாக இருக்கும் நான்கைந்து பிள்ளைகள் அதைச் சுமந்துகொண்டிருக்கலாம். இப்படிச் சுமப்பவர்களிடம் அது மாதக்கணக்கில் தங்கினாலும், அவர்களிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதும் அவர்களுக்கே பின்விளைவு நேர்வதும் மிக அரிது. ஆகவே அவர்களுக்குப் பொதுவாக ஆன்டிபயாட்டிக் தேவைப்படுவதில்லை. வீட்டில் யாருக்காவது ருமாட்டிக் காய்ச்சல் (இந்தத் தொற்றுக்குப் பின் வந்து இதயத்தைத் தாக்கும் நோய்) வந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். சாதாரணச் சளி பிடித்த நேரத்தில் சோதித்தாலும் இத்தகைய குழந்தைக்கு 'இருக்கிறது' என்றே வரும் என்பதால், இருமலும் மூக்கொழுகலும் உள்ள பிள்ளையைப் பரிசோதனைக்கு இழுத்துச் செல்வதில் பயனில்லை.

என் மகனின் நிலை வேறு. மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். நானும் ஏறக்குறைய இணங்கிவிட்டேன். அது பெரும் தவறாகியிருக்கும். சரியாகக் குணப்படுத்தாத ஸ்ட்ரெப் தொண்டைப் புண்ணுக்கு இரண்டு மூன்று வாரங்கள் கழித்துச் சில குழந்தைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து, மூட்டுகள் வீங்கி, இதய வால்வுகள் நிரந்தரமாகப் பழுதடைகின்றன. 5 முதல் 15 வயதுக்குள்தான் இந்த ஆபத்து மிகுதி. வலி தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் மருந்தைத் தொடங்கி, சொன்ன நாள்வரை கொடுத்து முடித்தால் அதைத் தடுத்துவிடலாம்.

பனியில் நின்றதால்தான் தொண்டை கட்டியது என்று எங்கள் மலையில் சொல்வார்கள். குளிர் கிருமியை உண்டாக்குவதில்லை. குளிருக்காக ஜன்னல்களை அடைத்துப் பிள்ளைகளை நெருக்கி உட்கார வைப்பதுதான் அது பரவ வழி செய்கிறது. அதனால் மழை நாளிலும் என் வகுப்பில் ஒரு ஜன்னலையாவது திறந்து வைக்கிறேன். ஸ்ட்ரெப் உறுதியான பிள்ளையை, மருந்து தொடங்கி 24 மணி நேரம் ஆகி, காய்ச்சலும் விட்ட பிறகே பள்ளிக்கு அனுப்பச் சொல்கிறேன்.