ப்ரீமியர் பத்மினி கார்ல வேற கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலக்குறது) மாத்தியாச்சு, ஏர் ஃபில்டருக்கு மூடியில்லாத கோன் போடலாமா, மூடின டப்பாவே போதுமா?

டப்பாதான். நீங்களும் எங்கள மாதிரி பழைய சோலெக்ஸ் கார்புரேட்டர்ல ஷாஃப்ட் தேஞ்சுபோய், அடாப்டர் ப்ளேட் அடிச்சு மாருதி 800 கார்ப உக்கார வெச்சிருப்பீங்க, பழைய ஏர் க்ளீனர் அது வாய்க்கு சேந்திருக்காது, உடனே ஸ்பேர் கடைல ஒரு செவப்பு கோன எடுத்து நீட்டியிருப்பாங்க.

எங்கப்பா வண்டிக்கு மெக்கானிக் அண்ணன் அதத்தான் மாட்டி விட்டார். சத்தம் செம, இல்லைன்னு சொல்லல. ஆனா மே மாசம் மத்தியானம் கத்திப்பாரா ட்ராஃபிக்ல நின்னு கெளம்பினா வண்டி முக்குது. பானெட்ட தூக்கி கோன தொட்டா சுடுது. ரேடியேட்டர் சூட்ட ஃபேன் நேரா அது மேலதான ஊதுது, பின்ன எப்டி இழுக்கும்? எஞ்சின் உள்ள சேர்ற ஆயில் ஆவிய வெளிய விடுற ப்ரீதர் ஹோஸ் மாட்ட எடமில்லாம தொங்கி எஞ்சின் பூரா ஆயில் பிசுக்கு வேற. இடையில கார்ப் வழியா ‘டப்’னு திருப்பி அடிச்சுது, அது லீன், அதாவது பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி. இப்ப வர்ற இ20 பெட்ரோல்ல (20% எத்தனால் கலந்தது) எத்தனாலோடயே ஆக்ஸிஜன் வருது, பழைய ஜெட்டுக்கு (கார்ப்ல பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை) அதுவே லீன், கோன் இன்னும் ஃப்ரீயா காத்த விட்டா கேக்கணுமா.

அப்புறம் நானே புதுப்பேட்டை போய் 800-ஓட பழைய வட்ட டப்பாவையே எடுத்தேன். “சின்ன வண்டி ஃபில்டர் பத்மினிக்கு பத்தாது”ன்னு கமெண்ட்ல யாராவது வருவீங்க, கணக்கு போட்டுட்டு வாங்க: எஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவதான் முழுசா காத்து இழுக்கும், அதனால பத்மினியோட 1089 சிசில பாதி, இன்ட்டு 4000 ஆர்பிஎம், நிமிஷத்துக்கு 2178 லிட்டர். 800-ல 796 சிசி, 5500 ஆர்பிஎம்னா 2189. அவ்ளோதான் வித்தியாசம்!

மாட்றதுக்கு முன்னாடி மேல இருக்குற நட்டு மேல சப்பாத்தி மாவு உருண்டைய வெச்சு பானெட்ட மெதுவா மூடி தொறந்து பாருங்க, மாவு எவ்ளோ நசுங்காம நிக்குதோ அவ்ளோதான் கேப். எங்களுக்கு ஒரு விரக்கட நின்னுது. டப்பா மூக்குலேருந்து ஹோஸ் விட்டு க்ரில் பக்கம் கொண்டு போங்க, பம்பர் மட்டத்துக்கு கீழ எறக்காதீங்க, சென்னை மழைல தண்ணி குடிச்சா எஞ்சின் காலி. ப்ரீதரையும் டப்பாலயே சொருகிடுங்க. பத்து நாள் ஓட்டிட்டு ப்ளக்க கழட்டி பாருங்க, வெளுத்திருந்தா மெயின் ஜெட் ஒரு சைஸ் ஏத்தணும்.

நான் மெக்கானிக் இல்ல. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல ஓட்றவங்க கோனே போட்டுக்கோங்க, உங்க கேஸ் வேற.

இவ்ளோ பாத்து பாத்து வெச்சாலும், பழைய வண்டி புகை விடுதுன்னு ஆர்சி ரினியூவலுக்கு 600 ரூபாயா இருந்தத 2022 ஏப்ரல்ல 5000 ஆக்கிட்டாங்க. ஞாயித்துக்கெழம மட்டும் கோயிலுக்கு போற வண்டிங்க இது, இதுலயா ஊர்ப் புகையெல்லாம் வருது?