டிஷ் மாட்டும் முன் என்னிடம் கேட்டவை

பதினெட்டு வருடம் வங்கிக் கிளைகளுக்கும் ஏடிஎம்களுக்கும் விசாட் எனும் சிறிய செயற்கைக்கோள் டிஷ் மாட்டிக் கொடுத்தவன் நான். செயற்கைக்கோள் இணையம் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகள் இவை.

கோவையிலிருந்து: வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது. டிஷ்ஷிலும் 100 கிடைக்கும் என்றால் மாறிவிடலாமா சார்?

வேண்டாம். ஃபைபர் வாசல்வரை வந்துவிட்ட வீட்டுக்கு டிஷ் எதற்கு?

அந்த 100-ஐ எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்று பாருங்கள். 2024 நவம்பரில் விண்ணுக்குப் போன நம் ஜிசாட்-20 செயற்கைக்கோளின் மொத்தத் திறனே 48 ஜிபிபிஎஸ்தான். அதையும் ஆளுக்கொரு பகுதியைப் பார்க்கும் 32 அலைக்கற்றைகளாகப் பிரித்து நாடு முழுவதற்கும் தர வேண்டும். ஒரே சமயத்தில் 480 பேர் முழு 100 எம்பிபிஎஸ் இழுத்தால் கணக்கு முடிந்தது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு 2020 ஆகஸ்டில் திறந்தார்களே கடலடி கேபிள், அந்த ஒரு தடத்தில் மட்டும் 400 ஜிபிபிஎஸ். இன்னொரு கேபிள் போடுவது செலவுதான், ஆனால் முடியும். மேலே போன செயற்கைக்கோளில் கூடுதலாக ஒன்றும் சொருக முடியாது.

வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டிலிருந்து: ஸ்பீடு டெஸ்டில் நன்றாகவே காட்டுகிறது. ஆனால் வீடியோ காலில் நானும் மகளும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுந்துகொண்டே இருக்கிறோம். ஏன்?

உங்களுடையது புவிநிலைச் செயற்கைக்கோளை, அதாவது வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிவதை, பார்க்கும் பழைய வகை டிஷ்ஷாக இருக்கும். அது பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கிலோமீட்டரில் நிற்கிறது. நீங்கள் "ஹலோ" என்றால் அது மேலே போய்க் கீழே வர 72,000 கிலோமீட்டர். மகளின் பதில் திரும்பி வர இன்னொரு 72,000. ஒளி வேகத்திலேயே போனாலும் கிட்டத்தட்ட அரை விநாடி. நடுவில் இருக்கும் கருவிகளின் நேரமும் சேர்ந்தால் 600 மில்லி விநாடியைத் தொடும். நீங்கள் பேசி முடித்தது அவருக்குத் தெரிவதற்குள் "கேட்குதா?" என்று மறுபடி ஆரம்பித்துவிடுகிறீர்கள். பிளானை உயர்த்தினாலும் இது மாறாது. காசு கொடுத்துத் தூரத்தைக் குறைக்க முடியுமா?

கிளைகளில் தொலைவிலிருக்கும் சர்வருக்குள் நுழைந்து கமாண்டு அடிப்போம். ஐந்து எழுத்து அடித்து முடித்த பிறகுதான் முதல் எழுத்து திரையில் வரும். தப்பாக அடித்திருந்தால் அழிப்பதும் அதே கதை. அரை மணி நேர வேலைக்கு ஒரு மத்தியானம் போகும்.

அதே எஸ்டேட்: ஆபீஸ் விபிஎன் போட்டால் இன்னும் மோசமாகிறதே?

ஆகும். தாமதத்தை மறைக்க இந்தச் சேவைகளில் ஒரு தந்திரம் உண்டு. மறுமுனை இன்னும் பதில் தராதபோதே, "வந்து சேர்ந்தது, அடுத்ததை அனுப்பு" என்று மோடமே உங்கள் கணினிக்குச் சொல்லிவிடும். விபிஎன் எல்லாவற்றையும் மூடி முத்திரை வைத்து அனுப்புவதால் மோடமால் உள்ளே பார்க்க முடியாது, தந்திரம் பலிக்காது.

யாழ்ப்பாணத்திலிருந்து: இங்கே 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் வந்துவிட்டது. அதற்கும் இந்தத் தாமதம் உண்டா அண்ணா?

பெரும்பாலும் இல்லை. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகின்றன. அதனால் தாமதம் பொதுவாக 25 முதல் 60 மில்லி விநாடிக்குள். நல்ல ஃபைபர் அதிலும் குறைவு, ஆனால் பேசும்போது வித்தியாசம் தெரியாது.

உங்களுக்கு வேறு தலைவலி இருக்கிறது: பனையும் தென்னையும். பழைய டிஷ் ஒரே புள்ளியைப் பார்த்தால் போதும். இதில் ஒவ்வொரு செயற்கைக்கோளும் சில நிமிடத்தில் கடந்துவிடும், டிஷ் அடுத்ததைப் பிடிக்க வேண்டும். அதற்கு அகலமான திறந்த வானம் தேவை. ஓலை மறைக்கும் திசையில் போகும்போது சில விநாடி அறுபடும். படம் பார்ப்பவருக்கு அது தெரியாது, முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கும். ஜூம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியும்.

நாகப்பட்டினத்திலிருந்து: மழைக்கு நிற்குமா?

மழையில் டிடிஎச் படம் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே காரணம்தான். இந்த டிஷ்கள் பயன்படுத்தும் கேயூ (Ku), கேஏ (Ka) அலைவரிசைகளில் அலையின் நீளம் ஓரிரண்டு சென்டிமீட்டர்தான். கனத்த மழையில் துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடிக்கும். கேஏ மழைக்கு இன்னும் சீக்கிரம் தோற்கும். சாரலுக்கு வேகம் குறையும், ஐப்பசி அடைமழைக்கு அறுந்தே போகலாம். ஒருமுறை மழை விட்டு இரண்டு நாளாகியும் ஒரு கிளையில் சிக்னல் வரவில்லை. ஏறிப் பார்த்தால் டிஷ்ஷின் முன்முனையில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பழியெல்லாம் மழைக்கு!

சேலத்திலிருந்து: பழைய டிஷ்ஷில் பப்ஜி ஆடலாமா?

ஆடலாம். நீங்கள் சுடுவதற்குள் செத்திருப்பீர்கள்.

ஊட்டியிலிருந்து: அப்படியென்றால் இது எதற்குத்தான்?

கேபிள் வராத இடத்துக்கு. 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து டோங்கா நாட்டின் கடலடி கேபிள் அறுந்தது, சரிசெய்ய ஐந்து வாரம். அதுவரை செயற்கைக்கோள்தான் தாங்கியது. லட்சத்தீவும் அதை நம்பித்தான் இருந்தது. 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து கேபிள் போய்ச் சேர்ந்தபோது 1.7 ஜிபிபிஎஸ் 200 ஆகும் என்று அறிவித்தார்கள். தீவு முழுவதும் அந்த 1.7-ஐத்தான் பங்கு போட்டுக்கொண்டிருந்தது.

அதே ஊட்டி: எங்கள் தோட்டத்துக்குக் கேபிள் வர வழியே இல்லை. மாட்டும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கரண்ட். ஃபைபர் பெட்டி பத்து வாட் அளவில் ஓடும். ஸ்டார்லிங்க் போன்ற டிஷ் 75 முதல் 100 வாட் கேட்கும், நாளுக்குச் சுமார் இரண்டு யூனிட். மின்வெட்டு அதிகமென்றால் இன்வெர்ட்டர் பேட்டரியை முதலில் கணக்குப் போடுங்கள். டிஷ்ஷை அப்புறம் பேசலாம்.